பல வழிகள் ஒரு வழியான கதை

பின்வரும் பகுதியை வாசித்திடுக.

1980களில் கிள்ளானில் இருந்த ஒரு வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். கூடத்தில் இருந்த தொலைபேசிக்குக் குரல் செப்புக் கம்பி வழியாக வந்தது. தொலைக்காட்சிக்குப் படம் கூரைமேல் நின்ற அலைவாங்கி வழியாக வந்தது. வானொலிக்குத் தனி அலைவரிசை இருந்தது. கடிதத்தை அஞ்சல்காரர் கொண்டு வந்தார். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தனி வழி. ஒவ்வொரு வழிக்கும் ஒரு தனிக் கருவி. இன்று இவை அனைத்தும் உள்ளங்கையில் இருக்கும் ஒரு திறன்பேசிக்குள் அடங்கிவிட்டன. இம்மாற்றத்தையே தொடர்புச் சேவைகளின் ஒருங்கிணைவு என்கிறோம்.

இது எப்படிச் சாத்தியமானது? கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையை எண்ணிப் பாருங்கள். பழைய தொலைபேசி முறையில், கிள்ளானிலிருந்து ஒருவர் பிரிக்பீல்ட்ஸில் இருப்பவரை அழைத்தால், அந்த உரையாடல் முடியும்வரை இருவருக்கும் இடையே ஒரு தடம் முழுமையாக ஒதுக்கப்பட்டது. இருவரும் பேசாமல் மௌனமாக இருந்தாலும் அத்தடத்தை வேறு எவரும் பயன்படுத்த முடியாது. நெடுஞ்சாலையின் ஒரு தடத்தை ஒரே வாகனத்திற்காக மூடிவைப்பதைப் போன்றது இது.

புதிய முறையில் குரல், படம், எழுத்து ஆகிய யாவும் இலக்கங்களாக மாற்றப்படுகின்றன. பிறகு அவை சிறுசிறு தரவுப் பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் சேர வேண்டிய முகவரி இருக்கும். காரும் பேருந்தும் லாரியும் ஒரே சாலையைப் பகிர்ந்துகொள்வதைப் போல, பலருடைய பொட்டலங்கள் ஒரே வழியில் பயணம் செய்கின்றன. சேருமிடத்தில் அவை மீண்டும் ஒன்றுசேர்க்கப்படுகின்றன. இவ்வகை வலையமைப்பை ‘அடுத்த தலைமுறை வலையமைப்பு’ என்று அழைப்பர். அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2004ஆம் ஆண்டில் இதற்கு வரையறை வகுத்தது.

நம் நாட்டில் இம்மாற்றம் படிப்படியாக நிகழ்ந்தது. 1985இல் முதல் கைத்தொலைபேசிச் சேவை அறிமுகமானது. அதுவரை அரசாங்க இலாகாவின் பொறுப்பில் இருந்த தொலைத்தொடர்புச் சேவை, 1987இல் நிறுவனமாக மாறியது. 1990களில் இணையம் வீடுகளுக்கு வந்தது. தொலைபேசிக் கம்பி வழியாகவே இணையத்தை அழைக்க வேண்டும். அண்ணன் இணையத்தைத் திறந்தால், அம்மா தொலைபேசியில் பேச முடியாது. அதன் உச்ச வேகம் வினாடிக்கு 56 கிலோபிட் மட்டுமே. 2001இல் வந்த ஸ்ட்ரீமிக்ஸ் சேவை, அதே செப்புக் கம்பியில் குரலையும் இணையத்தையும் ஒரே நேரத்தில் கொண்டு சென்றது.

2010 மார்ச் மாதத்தில் யுனிஃபை சேவை தொடங்கியது. பங்சார், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில், சுபாங் ஜெயா, ஷா ஆலம் ஆகியவை அதனை முதலில் பெற்ற வட்டாரங்களாகும். தலைமுடியளவு மெல்லிய கண்ணாடி இழைக்குள் ஒளி வடிவில் தொலைபேசி, இணையம், தொலைக்காட்சி ஆகிய மூன்றும் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

தொழில்நுட்பத்திற்கு ஏற்பச் சட்டமும் மாறியது. முன்பு தொலைத்தொடர்புக்கு 1950ஆம் ஆண்டுச் சட்டமும், ஒலி, ஒளிபரப்புக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டமும் தனித்தனியே இருந்தன. அவ்விரண்டுக்கும் பதிலாக 1998ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டம் இயற்றப்பட்டது. திறன்பேசியில் தொலைக்காட்சி பார்க்கும் காலம் வருவதற்கு முன்னரே, இரு துறைகளையும் ஒரே சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது குறிப்பிடத்தக்கது.

ஒருங்கிணைவினால் விளைந்த நன்மைகள் பல. கோலாலம்பூர் அங்காசாபுரியிலிருந்து ஒலிபரப்பாகும் மின்னல் பண்பலையை வானொலிப் பெட்டியில் மட்டுமின்றி, தொலைக்காட்சியிலும் திறன்பேசிச் செயலியிலும் கேட்கலாம். பார்வையற்றோர் சங்கம் அமைந்துள்ள பிரிக்பீல்ட்ஸில், பார்வைக் குறைபாடு உடைய ஒருவர் தமக்கு வந்த குறுஞ்செய்தியைத் திறன்பேசி வாசித்துக் காட்டக் கேட்கலாம். எழுத்தும் குரலும் ஒரே கருவியில் சேர்ந்ததால் கிடைத்த பயன் இது.

எனினும், எல்லாரும் ஒரே சாலையை நம்பியிருக்கும்போது, அச்சாலை அடைபட்டால் என்ன ஆகும்? 2021 டிசம்பர் 15ஆம் நாள் கோலாலம்பூர், புத்ராஜெயா, சைபர்ஜெயா ஆகிய இடங்களில் ஐந்தாம் தலைமுறைச் சேவை தொடங்கியது. அடுத்த மூன்று நாள்களில் கிள்ளான் பள்ளத்தாக்கைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் வீட்டின் மேல்மாடிகளிலும் கூரைகளிலும் சிக்கிக்கொண்டனர். பலர் சமூக ஊடகங்கள் வழியாகவே உதவி கோரினர். ஆனால், மின்சாரம் தடைபட்டதால் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் பல செயலிழந்தன. திறன்பேசியில் மின்னூட்டம் தீர்ந்தபோது குரல், செய்தி, வரைபடம் ஆகிய அனைத்தும் ஒருசேர நின்றுபோயின.

பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு இச்சிக்கல் குறைவு. அதற்குத் தேவையான மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்து அக்கம்பி வழியாகவே வரும். அங்குள்ள மின்கலங்களின் உதவியால், வீட்டில் விளக்கு அணைந்தாலும் தொலைபேசி ஒலிக்கும். கண்ணாடி இழையோ ஒளியை மட்டுமே கடத்தும். வீட்டில் மின்சாரம் நின்றால் அதனோடு இணைந்த கருவியும் நின்றுவிடும்.

ஆகவே, புதிய வசதியைப் பயன்படுத்தும் நாம் மாற்று வழியையும் கைவசம் வைத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் கையடக்க மின்னேற்றியை நிரப்பி வைப்பது, மின்கலத்தில் இயங்கும் சிறிய வானொலியைப் பாதுகாப்பது, முக்கியமான எண்களைத் தாளில் எழுதி வைப்பது ஆகியவை எளிய செயல்களே. ‘வருமுன் காப்போம்’ என்னும் முதுமொழி, அடுத்த தலைமுறை வலையமைப்புக்கும் பொருந்தும்.

அருஞ்சொற்பொருள்

அலைவாங்கி – வானலைகளைப் பெறும் கருவி
ஒருங்கிணைவு – பல கூறுகள் ஒன்றாகச் சேர்தல்
தரவு – கணினி கையாளும் தகவல்
மின்னூட்டம் – மின்கலத்தில் சேர்த்து வைக்கப்பட்ட மின்னாற்றல்

கேள்விகள்

1. பழைய தொலைபேசி முறைக்கும் தரவுப் பொட்டல முறைக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்குக.
2. 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஏன் தேவைப்பட்டது?
3. மின்தடையின்போது செப்புக் கம்பித் தொலைபேசி இயங்குவதற்கான காரணம் யாது?
4. உம் வீட்டில் இணையமும் மின்சாரமும் ஒரு நாள் முழுவதும் தடைபட்டால், தொலைவில் இருக்கும் உறவினருக்கு எவ்வாறு செய்தி அனுப்புவீர்? குழுவில் கலந்துரையாடுக.