வெள்ளரிக்காய் ஆச்சாரும் காடியின் இயல்பும்



மலாய் நண்பர் வீட்டுத் திருமணத்திற்குச் சென்றவர்கள் நெய்ச்சோற்றின் அருகில் வெள்ளரிக்காயும் அன்னாசியும் கலந்த, புளிப்பும் இனிப்புமான ஒரு கறியைச் சுவைத்திருப்பீர்கள். சிலர் அதனை ஜெலாத்தா என்பர். பொதுவாக வழங்கும் பெயர் ஆச்சார். ஆச்சார் என்பது பாரசீகத்திலிருந்து வந்த சொல். இலங்கைத் தமிழர் அதனையே அச்சாறு என்கின்றனர். அடுப்பு மூட்டாமலே செய்யக்கூடிய இக்கறியை இவ்வாண்டு மலரில் ஒரு பாடமாகவே எழுத விரும்புகிறேன்.

நம் முன்னோர் பச்சைக் காய்கறியை அறியாதவர் அல்லர். தயிர்ப் பச்சடி நமக்கு உண்டு. இராமநவமியன்று பாசிப்பருப்பும் வெள்ளரிக்காயும் சேர்த்துச் செய்யும் கோசுமல்லி உண்டு. அவற்றிற்குப் புளிப்பைத் தருவன தயிரும் எலுமிச்சையும் ஆகும். ஆச்சாருக்குப் புளிப்பைத் தருவதோ காடி. மலாயில் இதற்குச் சூக்கா என்று பெயர். நம்மவர் வினிகர் என்றும் சொல்வர். பழந்தமிழர் புளித்த கஞ்சி நீரைக் காடி என்றனர். அச்சொல்லே இதற்கும் பொருந்திவிட்டது.

காடி எவ்வாறு உண்டாகிறது? இனிப்பான சாற்றை நொதிக்க விட்டால் அதிலுள்ள சர்க்கரை சாராயச் சத்தாக மாறும். பின்பு அதனைத் திறந்து வைத்தால், காற்றோடு சேர்ந்து வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் அந்தச் சாராயச் சத்தை அசெட்டிக் அமிலமாக மாற்றும். இது நுண்ணுயிர்களின் வேலையே என்பதைப் பிரெஞ்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் 1860களில் ஆராய்ந்து விளக்கினார். தென்னங்கள்ளைப் பல வாரங்கள் வைத்திருந்தால் காடியாகிவிடும் என்பதைத் தோட்டத்துப் பெரியவர்கள் அறிவார்கள். கள்ளினால் விளையும் நன்மை இது ஒன்றுதான் என்பது என் கருத்து. கடையில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளைக் காடியில் பல, தொழிற்சாலையில் செய்த அசெட்டிக் அமிலத்தை நீரில் கலந்து எடுப்பவை. இயற்கைக் காடியானாலும் செயற்கைக் காடியானாலும் நூற்றுக்கு நான்கைந்து பங்கே அமிலம். எஞ்சியது பெரும்பாலும் நீர்தான்.

இந்த இடத்தில் பெற்றோர்கள் சற்று நின்று படிக்க வேண்டுகிறேன். பால்மரக் காடுகளில் வேலை செய்தவர்களுக்கு ஆசிட் என்றவுடன் ஒரு நெடி நினைவிற்கு வரும். மரப்பாலை உறைய வைக்க முற்காலத்தில் அசெட்டிக் அமிலத்தைப் பயன்படுத்தினர். பின்னர் அதைவிடச் சிக்கனமான ஃபார்மிக் அமிலம் வழக்கத்திற்கு வந்தது. எறும்பு கடித்தால் எரிகிறதே, அதிலுள்ள அமிலமும் இதுவே. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நிறமும் நெடியும் ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஆலைக்கு வரும் அமிலம் காடியைவிடப் பன்மடங்கு கடுமையானது. தொண்டையையும் உணவுக்குழாயையும் வெந்துபோகச் செய்யும். ஆறிய புண் குழாயைச் சுருக்கிவிட்டால், பிழைத்தவரும் சோறு விழுங்க இயலாமல் ஆண்டுக்கணக்கில் துன்புறுவார்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்தில் ஒரு வீட்டுச் சமையலறையில், சர்பத் புட்டி ஒன்றில் இந்த ஆசிட்டை ஊற்றி வைத்திருந்தார்கள். அந்த வீட்டு அக்காள் அதனைச் சூக்கா என்று எண்ணி வெங்காயத்தில் ஊற்றிவிட்டார். வெங்காயத்திலிருந்து எழுந்த ஆவி கண்ணைக் கரித்ததால் ஐயம் கொண்டு கொட்டிவிட்டார்; எல்லோரும் தப்பினோம். அன்று அந்த வீட்டு விருந்தாளிகளில் நானும் ஒருவன். இன்று நம் வட்டாரத்தில் பால்மரங்கள் குறைந்து செம்பனை பெருகிவிட்டது. ஆயினும் களைக்கொல்லியைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கும் பழக்கம் முற்றிலும் ஒழிந்ததாகச் சொல்வதற்கில்லை. பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி 2020ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது, மற்றவையும் நஞ்சே. அமிலத்தை யாரேனும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். ஏறிவரும் அமிலம் தொண்டையை மீண்டும் சுடும். வாயைக் கொப்பளிக்கச் செய்து, புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள். 999 என்ற எண்ணை அழைத்தாலும் உதவி வரும்.

இனிச் செய்முறைக்கு வருவோம். நடுத்தர வெள்ளரிக்காய் இரண்டு, கேரட் ஒன்று, சின்ன வெங்காயம் ஆறு, அன்னாசியில் கால் பங்கு, சிவப்பு மிளகாய் ஒன்று வேண்டும். காடி நான்கு மேசைக்கரண்டி, சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி.

முதலில் காய்களை ஓடும் நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். காடி ஊற்றினால் கிருமியெல்லாம் செத்துவிடும் என்று பலர் நம்புகின்றனர், அது தவறு. நாக்குப்பூச்சியின் முட்டைக்குத் தடித்த ஓடு உண்டு; காடியின் புளிப்பு அதனை ஒன்றும் செய்யாது. மண்ணில் ஒட்டியிருக்கும் அம்முட்டைகளை நீரும் கைவிரலுமே அகற்றும். கையையும் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும்.

வெள்ளரிக்காயை நீளவாக்கில் பிளந்து, விதைப்பகுதியை வழித்தெடுத்து, மெல்லிய துண்டுகளாக நறுக்குங்கள். அரைத் தேக்கரண்டி உப்பைத் தூவிக் கால்மணி நேரம் வைத்தால் தட்டு முழுதும் நீர் தேங்கும். வெள்ளரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நீரே. வெளியே உப்பு மிகுந்தால் உள்ளிருக்கும் நீர் அதனை நாடி வெளியேறும். இதனைச் சவ்வூடு பரவல் என்று மேல்வகுப்பில் படிப்பீர்கள். அந்த நீரைப் பிழிந்து நீக்காவிட்டால் பின்னர் அது காடியில் கலந்து சுவையைக் கெடுத்துவிடும். அவசரக்காரர்கள் விடும் பிழை இதுவே.

காடியில் சர்க்கரையையும் மீதி உப்பையும் கரைத்து, நறுக்கிய காய்களுடனும் அன்னாசியுடனும் கலந்து மூடுங்கள். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகவே தெரியும். ஆகையால் கலக்கும்போது சற்றுத் தூக்கலாக இருப்பதே சரி. கலப்பதற்குக் கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரமே ஏற்றது. அலுமினியத்தைக் காடி அரிக்கும். ஈயம் பூசாத பித்தளையில் வைத்தால் களிம்பு ஏறி உணவு நஞ்சாகும். பாட்டியின் பித்தளைக் குண்டான் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் இதற்கு ஆகாது.

அன்னாசியைத் தயிர்ப் பச்சடியில் போட்டால் ஏன் கசக்கிறது என்று ஒரு தாயார் என்னிடம் கேட்டார். பச்சை அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. அது தயிரின் புரதத்தைச் சிதைக்கும்போது கசப்பு தோன்றும். ஆச்சாரில் பால் பொருள் இல்லாததால் அத்தொல்லை இல்லை.

குளிர்ப்பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். வெயில் கொளுத்தும் நண்பகலில் மேசைமீது இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைத்திருக்க வேண்டா. இது ஊறுகாய் அன்று. அன்றன்றே உண்டு முடிக்க வேண்டியது. சமைக்காததால் காய்களின் வைட்டமின் சி பெரும்பாலும் அழிவதில்லை. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்க அது துணைசெய்யும். ஆதலால் கீரைக்குழம்பு வைக்கும் நாளில் இதனைச் செய்தால் இரத்தச் சோகையுள்ள தாய்மார்க்கும் பெண்பிள்ளைகளுக்கும் நல்லது. வயிற்றுப்புண் உள்ளவர்கள் மட்டும் விலகியிருக்கட்டும்.

மாணவர்களுக்கு ஒரு சோதனை. பள்ளி வேலியோரம் பூத்திருக்கும் நீலச் சங்குப்பூ பத்தினைப் பறித்து, பெரியவர் ஒருவரைக் கொண்டு வெந்நீரில் ஊறவைத்து, நீல நீரை மூன்று கண்ணாடிக் குவளைகளில் ஊற்றுங்கள். முதற் குவளையை அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டாவதில் காடி சில துளிகள், நீர் ஊதாவாகும். மூன்றாவதில் சவர்க்கார நீரை விட்டுப் பாருங்கள். எந்நிறம் வந்தது என்பதைக் குறிப்பேட்டில் எழுதித் திங்கட்கிழமை என்னிடம் காட்டலாம்.