முதலில் காலைக் கவனியுங்கள்

"ரைடிங் ஜாக்கெட் வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லது?" என்று யாராவது கேட்டால், நான் முதலில் அவர் காலைப் பார்ப்பேன். பெரும்பாலும் ரப்பர் செருப்புதான் இருக்கும். ஜாக்கெட்டைப் பிறகு பேசுவோம் என்பேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருமுனையில் விழுந்தேன். வீடு கட்டக் கொட்டியிருந்த எம்-சாண்ட் சாலையில் பரவிக் கிடந்தது. நடக்கிற வேகத்தில்தான் திரும்பினேன். வண்டி இடப்பக்கம் சரிந்தது, செருப்பு எங்கோ பறந்தது, ஃபுட்ரெஸ்ட்டுக்கும் தரைக்கும் நடுவில் என் கணுக்கால் மாட்டிக்கொண்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

ஸ்பிளெண்டர் 100 கிலோவுக்கு மேல் இருக்கும், புல்லட் ஏறத்தாழ 200 கிலோ. அவ்வளவும் சரியும்போது முதலில் அகப்படுவது கால். அதனால் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஹெல்மெட் (ஐஎஸ் 4151 என்று அச்சிட்டிருக்கும்) ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், அடுத்த காசை ஷூவில் போடுங்கள். பட்டையை மாட்டாத ஹெல்மெட் தொப்பிக்குச் சமம் என்பதைத் தவிர, ஹெல்மெட்டைப் பற்றி இங்கே வேறு சொல்லப்போவதில்லை.

ஷூ கணுக்கால் எலும்பை மூட வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். கடையில் குதிகாலை ஒரு கையிலும் நுனியை மறு கையிலும் பிடித்து, ஈரத்துணி பிழிவதுபோல முறுக்கிப் பாருங்கள். சுலபமாக முறுக்கிக்கொண்டால் திரும்ப வைத்துவிடுங்கள், வண்டிக்கு அடியில் உங்கள் பாதமும் அப்படித்தான் முறுக்கிக்கொள்ளும். பைக்குக்கென்றே செய்த பூட்ஸில் இஎன் 13634 என்ற எண்ணும், அதோடு 1 அல்லது 2 என நான்கு இலக்கங்களும் இருக்கும். உயரம், உரசல், வெட்டு, கடைசியாகப் பக்கவாட்டில் நசுங்காமல் தாங்கும் திறன். அந்த நான்காவது இலக்கம் 2 ஆக இருந்தால் எனக்கு நிம்மதி.

அவ்வளவு செலவு முடியாதா? கணுக்காலை மூடும் தடித்த தோல் ஷூ போதும். தொழிற்சாலைக்குப் போடும் சேஃப்டி ஷூவையும் பலர் போடுகிறார்கள். குறையில்லை, ஆனால் நுனி தடிமனாக இருந்தால் கியர் லீவருக்கு அடியில் கால் நுழையாது. கடை வாசலில் நிற்கும் உங்கள் வண்டியிலேயே உட்கார்ந்து இரண்டு கியர் மாற்றிப் பாருங்கள். லேஸ் நுனியை உள்ளே செருகிவிடுங்கள், லீவரில் சிக்கினால் சிக்னலில் காலை ஊன்ற முடியாது. ஷூ வாங்க மாலையில் போங்கள். நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுதான் சரியான அளவு.

அடுத்தது கை. விழும்போது கை தானாகத் தரையில் ஊன்றும், யார் சொல்லியும் நிற்காது. நல்ல கிளவுஸில் உள்ளங்கையின் அடிப்பகுதியில் வழவழப்பான கெட்டித் துண்டு தைத்திருக்கும். கை சாலையைப் பற்றாமல் வழுக்கிப்போக அது உதவும், மணிக்கட்டு தப்பும். மணிக்கட்டில் பட்டை இல்லாத கிளவுஸ் விழும்போது கழன்றுவிடும், வாங்காதீர்கள்.

இனி ஜாக்கெட். மழைக்குப் போடும் நைலான் விண்ட்சீட்டர் இந்தக் கணக்கில் சேராது. தார்ச்சாலையில் உரசினால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். உள்பக்கம் தைத்த சீட்டைப் படியுங்கள். இஎன் 17092 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஏஏஏ என்றால் உச்சம், பிறகு ஏஏ, பிறகு ஏ. வெறும் சி என்றால் அடி தாங்கும் கார்டு மட்டும்தான், துணி உரசலைத் தாங்கும் என்ற உறுதி கிடையாது. முதுகுப் பக்கத்தையும் தடவிப் பாருங்கள். தோளுக்கும் முழங்கைக்கும் நல்ல கார்டு கொடுத்துவிட்டு முதுகில் வெறும் ஸ்பாஞ்சு வைத்திருப்பார்கள்.

அளவை நின்றபடி பார்க்காதீர்கள். ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோலக் கையை நீட்டி மடக்குங்கள். அப்போது கார்டு முழங்கை மேலேயே இருக்க வேண்டும். மறு கையால் திருப்பினால் நகரக் கூடாது. நம் ஊர் வெயிலுக்கு வலைத்துணி ஜாக்கெட்தான் சரி. ஓடும்போது காற்று வரும், சிக்னலில் வேர்க்கும், அதற்கு வழியில்லை. காலுக்கு, ஜீன்ஸ் மேல் பட்டை கட்டும் முழங்கால் கார்டு தினசரி ஓட்டத்துக்குப் போதும். சாதாரண ஜீன்ஸ் மட்டும் நம்பத்தக்கதல்ல, உரசலில் நொடியில் கிழிந்துவிடும்.

பின்னால் உட்காருபவரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சேலைத் தலைப்பு, துப்பட்டா நுனி, வேட்டி ஓரம் எல்லாம் செயினுக்கும் சக்கரத்துக்கும் பக்கத்தில்தான் ஆடுகின்றன. உட்கார்ந்ததும் இழுத்து இடுப்பில் செருகச் சொல்லுங்கள். பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடியிருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே சொல்கிறது. அந்த சாரி கார்டை அழகுக்காகக் கழற்றிப் பரணில் போட்டவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்து மாட்டிவிடுங்கள்.

என் ஷூவை இப்போது வண்டிச் சாவி மாட்டும் ஆணிக்கு நேர் கீழே வைத்திருக்கிறேன். பால் வாங்கப் போனாலும் அதைப் போட்டுக்கொண்டுதான் போகிறேன். அந்த மணல் குவியல் இருந்ததும் பால் கடைக்குப் போகும் வழியில்தான்.