சூட்டில் நின்றுபோகும் பழைய காடி: எங்கே பார்ப்பது?

சமய வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு கிள்ளானிலிருந்து ஷா ஆலத்துக்குத் தேவாரப் போட்டிக்குப் போய்க்கொண்டிருந்தேன். மணி பன்னிரண்டரை. கூட்டரசு நெடுஞ்சாலையில் ஜேம். காடி இரண்டு தடவை குலுங்கியது, பிறகு அப்படியே அணைந்துவிட்டது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, இஞ்சின்தான் பிடிக்கவில்லை. இடது ஓரத்துக்கு உருட்டி, அவசர விளக்கைப் போட்டு, பிள்ளைகளை இடது பக்கக் கதவு வழியாக இறக்கித் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்தேன். (நின்ற காடிக்குள் யாரையும் உட்கார வைக்காதீர்கள். காடிக்குப் பின்னாலும் நிற்கக் கூடாது.)

முக்கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, மூவரில் சின்னவளின் பெயரைக் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். அவள் அழவில்லை. "பரவாயில்ல அக்கா" என்றாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்பா கொடுத்த தொண்ணூறுகளின் கார்பரேட்டர் காடி அது. அப்படி நின்றது மூன்றாவது தடவை. அதற்குள் பெட்ரோல் ஃபில்டர், பிளக், பிளக் வயர் எல்லாம் மாற்றி 300 ரிங்கிட்டுக்கு மேல் போயிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனால் போர்மேன் முடுக்கிப் பார்த்து, "நல்லாத்தானே ஓடுது" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அங்கே போய்ச் சேர்வதற்குள் காடி ஆறியிருக்கும்.

எங்கள் கோயில் அன்னதானத்தில் உதவிக்கு வரும் அண்ணன் ஒருவர் முப்பது வருடம் லாரி ரிப்பேர் பார்த்தவர். நடந்ததைச் சொன்னேன். "தங்கச்சி, காய்ச்சல் விட்ட பிறகு டாக்டர்கிட்ட போனா அவரு என்னத்தைச் சொல்வாரு? அது செத்துக் கிடக்கும்போதே பாரு" என்றார். ஆனால் ஹைவே ஓரத்தில் பார்க்காதே, பாதுகாப்பான இடத்தில் அதை வேண்டுமென்றே சூடாக்கிப் பார் என்றும் சொன்னார்.

ஸ்டார்ட்டர் சுற்றியும் இஞ்சின் பிடிக்கவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: பெட்ரோல் வருகிறதா? தீப்பொறி வருகிறதா? அதற்கும் முன்னால் டெம்பரேச்சர் மீட்டரைப் பாருங்கள். முள் சிவப்பில் இருந்தால் அது வேறு நோய்: ரேடியேட்டர் தண்ணீர் குறைந்திருக்கலாம், விசிறி சுற்றாமல் இருக்கலாம். அப்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் விட்டுப்போய், கொதித்து முகத்தில் பாயும். என் காடியில் முள் நடுவில்தான் இருந்தது.

பெட்ரோலைப் பற்றித்தான் எல்லோரும் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. பெட்ரோலில் இருக்கும் லேசான பகுதிகள் 40 பாகைக்குள்ளேயே ஆவியாகத் தொடங்கிவிடும். ஜேமில் காற்றோட்டம் இல்லாமல் பானட்டுக்கு அடியில் ஏறும் சூடு அதைவிட எவ்வளவோ அதிகம். இஞ்சினோடு ஒட்டிய பழைய வகை பம்ப் திரவத்தைத் தள்ளும், ஆவியைத் தள்ளத் திணறும். அந்தக் காலத்து டிரைவர்கள் பம்பின்மேல் ஈரத்துணி போட்டது இதற்காகத்தான். சோதிப்பது சுலபம். இஞ்சினை அணைத்து, காற்று ஃபில்டர் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துக் கார்பரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி எக்ஸலரேட்டர் கம்பியை ஒரு தடவை இழுங்கள். பெட்ரோல் மெல்லிய கோடாகப் பீய்ச்ச வேண்டும். பக்கத்தில் சிகரெட்டோடு யாரும் நிற்கக் கூடாது. சூட்டோடு சம்பந்தமே இல்லாத ஒன்றும் இதே மாதிரி ஏமாற்றும்: பெட்ரோல் டேங்கி மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால், கொஞ்ச தூரம் ஓடிய பிறகு பெட்ரோல் வராது. மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் அதைச் சந்தேகப்படலாம்.

அடுத்த ஞாயிறு பூஜை முடிந்ததும் கோயில் கார் பார்க்கில் உச்சி வெயிலில் காடியை நிறுத்தி, ஏர்கோன் போட்டு இஞ்சினை ஓடவிட்டோம். பத்து நிமிடம், இருபது நிமிடம், ஒன்றும் ஆகவில்லை. பிரசாதம் சாப்பிட்டு வந்தோம். முப்பத்தைந்தாவது நிமிடம் குலுங்கி நின்றது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

பெட்ரோல் பீய்ச்சியது. அப்படியென்றால் தீப்பொறி. அண்ணன் ஒரு பழைய பிளக்கை வயரில் மாட்டி, அதன் உடம்பைக் கார்பரேட்டருக்குத் தூரமாக இஞ்சின் இரும்பில் படும்படி வைத்தார். காற்று ஃபில்டர் மூடியைத் திரும்பப் போட்ட பிறகுதான் சாவியைத் திருப்பச் சொன்னார். நல்ல காடியில் அங்கே நீல நிறப் பொறி தெரியும். எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இதைக் கையில் பிடித்துக்கொண்டு செய்யாதீர்கள். அந்த வயரில் ஓடுவது பல ஆயிரம் வோல்ட். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்திலேயே வரக் கூடாது.

சாவியை அணைத்து, இக்னிஷன் காயிலின் இரண்டு சின்ன வயர்களையும் கழற்றி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து அந்த இரண்டு முனைகளிலும் தொட்டார். முள் அசையவே இல்லை. உள்ளே சுற்று அறுந்திருக்கிறது. காடியை அப்படியே விட்டுவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வந்து அதே இடத்தில் தொட்டால் ஓம் ஒன்றரை! காயிலுக்குள் தலைமுடி மாதிரி விரிசல் ஒன்று. சூட்டில் கம்பி விரிந்தால் விலகுகிறது, ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. ஒர்க்‌ஷாப்பில் எப்படிக் கண்ணில் படும்? சூட்டிலும் காயில் சரியாக அளந்திருந்தால், அடுத்து டிஸ்ட்ரிபியூட்டரோடு இருக்கும் இக்னைட்டரைப் பார்த்திருப்போம். அதுவும் சூட்டில் மயங்கும் சாமான்தான்.

உங்கள் காடி இன்ஜெக்‌ஷன் வகை என்றால் கேள்விகள் அதே இரண்டுதான், பார்க்கும் இடங்கள் வேறு. சாவியை 'ஓன்' நிலைக்குத் திருப்பியதும் பின்சீட்டுப் பக்கம் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி முனகுகிறதா என்று கேளுங்கள். சத்தம் இல்லையென்றால் ரிலேயோ பம்போ. முனகியும் தீப்பொறி இல்லையென்றால் கிராங்க் சென்சாரைச் சந்தேகப்படுங்கள். அதுவும் சூட்டில் செத்து ஆறினால் பிழைக்கும். அந்த வகைக் காடியில் தீப்பொறி இல்லாமல் ஸ்டார்ட்டரை ரொம்ப நேரம் சுற்றாதீர்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும்.

பழைய சாமான் கடையில் காயில் 60 ரிங்கிட். மாற்ற எடுத்தது பத்து நிமிடம். மறு ஞாயிறு அதே கார் பார்க்கில், அதே வெயிலில் ஒரு மணி நேரம் ஓடவிட்டோம். நிற்கவில்லை. சின்னவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "அக்கா, இன்னும் எவ்வளவு நேரம் இது சும்மாவே ஓடும்?" என்று கேட்டாள். அடுத்த போட்டி பந்திங்கில். அவளை நான்தான் ஏற்றிப் போகிறேன்.