நரம்பை ஆராய்ந்த மாணாக்கர்

காலில் முள் தைக்கிறது. தைத்த அக்கணமே கால் தானாகப் பின்வாங்குகிறது. அதன் பின்னரே நோவு உள்ளத்துக்குத் தெரிகிறது. முள் தைத்த இடத்திலிருந்து முதுகுத் தண்டுக்கும், ஆங்கிருந்து காலின் தசைகளுக்கும் செய்தியைக் கொண்டு சென்றவை நரம்புகள். நூலினும் மெல்லிய நரம்பிழையின் வழியே ஓடும் அச்செய்தி எத்தகையது? பண்டைக்கால மேனாட்டு மருத்துவர் பலர், நரம்பு துளையுடைய குழல் என்றும், அதனுள் நுண்ணிய ஆவி ஒன்று ஓடுகிறது என்றும் கருதினர். இத்தாலி நாட்டுக் கால்வானி 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தவளையின் காலை மின்சாரத்தால் துள்ளச் செய்து காட்டிய பின்னர், நரம்பில் ஓடுவது மின்சாரமே என்னும் எண்ணம் வலுப்பெற்றது. ஆயினும், கம்பியில் ஓடும் மின்சாரமும் நரம்பில் ஓடும் துடிப்பும் ஒன்றல்ல. கம்பியில் மின்சாரம் இமைப்பொழுதில் நெடுந்தொலைவைக் கடக்கும். தவளையின் நரம்பில் துடிப்பின் விரைவை 1850-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் செருமானிய அறிஞர் அளந்தபோது, அது நொடிக்கு முப்பது மீட்டரையும் எட்டவில்லை. இவ்வேறுபாட்டின் காரணத்தைக் காண அறிஞர் ஒரு நூற்றாண்டு உழைத்தனர். நரம்பு பற்றிய ஆராய்ச்சியில், படிப்பை முடிக்காத மாணாக்கர் சிலரின் பங்கு சிறிதன்று.

பெர்லின் நகரில் மருத்துவம் பயின்ற பௌல் லாங்கர்ஹான்ஸ் அவர்களுள் ஒருவர். 1868-இல், தம் இருபத்தோராம் வயதில், மனிதத் தோலைத் தங்கக் குளோரைடு என்னும் உப்புக் கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியால் நோக்கினார். மேல்தோலினுள் கிளைகள் விரிந்த உயிரணுக்கள் கறுத்துத் தோன்றின. தங்கக் குளோரைடு நரம்பைக் கறுக்கச் செய்வது. ஆதலின் அவ்வணுக்களும் நரம்பைச் சேர்ந்தனவே என்று அவர் கொண்டார். நூறாண்டுக்குப் பின்னரே அவை நோய்க்கிருமிகளைத் தடுக்கும் காவல் அணுக்கள் என்பது தெளிவாயிற்று. மாணவர் கண்ட காட்சியில் பிழையில்லை. அதற்குக் கூறிய பொருளே பிழை. அவர் வரைந்த படங்கள் இன்றும் செம்மையாக உள்ளன. அவ்வணுக்களும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. மறு ஆண்டே கணையத்தில் அணுத்திட்டுகளைக் கண்டு எழுதினார். இன்சுலின் சுரக்கும் இடம் அதுவே என்பதை அவர் அறியார். இத்துணை ஆற்றல் வாய்ந்தவரின் எதிர்காலத் திட்டங்களைக் காசநோய் குலைத்தது. பல்கலைக்கழகப் பணியைத் துறந்து, மதேரா என்னும் தீவுக்குச் சென்று, ஆங்கு நோயாளரைப் பார்த்தும் கடற்புழுக்களை ஆராய்ந்தும் வாழ்ந்து, 1888-இல், நாற்பத்தோராம் ஆண்டு நிறையுமுன்னரே மறைந்தார்.

வியன்னா நகர மாணவர் ஒருவரின் திட்டத்தை வறுமை குலைத்தது. பின்னாளில் உள்ளப் பகுப்பாய்வால் உலகறிந்த சிக்மண்ட் பிராய்டே அவர். மாணவப் பருவத்தில் பிரூக்கே என்னும் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில், லாம்ப்ரே எனப்படும் தாடையற்ற மீனின் முதுகுத் தண்டில் உள்ள நரம்பணுக்களை ஆராய்ந்து 1877-லும் 1878-லும் கட்டுரைகள் வெளியிட்டார். ஆராய்ச்சியிலேயே வாழ்நாளைக் கழிக்க விரும்பினார். கைப்பொருள் இல்லாதார்க்கு அவ்வழி இல்லை என்று 1882-இல் ஆசிரியரே எடுத்துரைக்க, மருத்துவமனைக்குச் சென்றார்.

எண்ணியது இடையே முறிந்தும் மீண்டும் தொடர்ந்து முடிந்த வரலாறு ஒன்று உண்டு. அது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டிக் கல்லூரியில் தொடங்குகிறது.

ஆலன் ஹாட்கின் 1914-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். நான்கு வயதில் தந்தையை இழந்தவர். சிறுவயதில் பறவைகளைத் தேடிச் சதுப்பு நிலங்களில் அலைந்த அவர், உயிரியல் பயில 1932-இல் டிரினிட்டியை அடைந்தார். நரம்புத் துடிப்புகளை ஆராய்ந்த ஏட்ரியன் என்னும் பேராசிரியர் அவ்வாண்டிலேயே நோபெல் பரிசு பெற்றார். அவர் பணியாற்றியதும் அப்பல்கலைக்கழகமே. ‘உயிரியல் பயில்வோனும் கணிதத்தையும் பௌதிகத்தையும் விட்டுவிடலாகாது’ என்று பான்டின் என்னும் விலங்கியல் அறிஞர் ஹாட்கினுக்கு அறிவுரை கூறினார். மாணவர் அதனைப் போற்றிக் கொண்டார். பிற்காலத்து வெற்றிக்கு வித்து அதுவே எனலாம்.

பட்டப் படிப்பில் இருக்கும்போதே ஹாட்கின் தவளையின் நரம்பைக்கொண்டு ஒரு சோதனையைத் தொடங்கினார். வெடித்திரியில் பற்றிய தீ எங்ஙனம் முன்னேறுகிறது? எரியும் இடத்தின் வெப்பம் அடுத்த இடத்தைச் சூடாக்க, அதுவும் தீப்பற்றுகிறது. நரம்பின் துடிப்பும் அவ்வாறே செல்லுமாயின், துடிக்கும் இடத்தின் மின்னோட்டம் அடுத்த இடத்துக்குப் பரந்து அதனைத் தூண்ட வேண்டும். இதனை நேரிற் காண்பது எப்படி? நரம்பின் ஒரு சிறு பகுதியைக் கடுங்குளிரால் செயலற்றதாக்கினார். அவ்விடத்தைத் துடிப்பு தாண்டவில்லை. ஆனால், தடைக்கு அப்பால் சில மில்லிமீட்டர் தொலைவு வரை, நரம்பு வழக்கத்தினும் எளிதில் தூண்டப்படும் நிலையை ஒரு நொடிப்பொழுதின் சிறு பகுதியளவு எய்தியது. தீ நின்றுவிட்டது, அதன் வெப்பமோ அப்பாலும் சென்றது. இவ்வாராய்ச்சி 1937-இல் இரு கட்டுரைகளாக வெளிவந்தது. மாணவர் ஒருவர் தாமே வினவித் தாமே விடை கண்டது என்பதே இதன் தனிச் சிறப்பு.

ஆயினும், தவளையின் நரம்பு பல நூறு இழைகள் சேர்ந்த கட்டு. ஓரிழையின் உட்புறத்தை அளந்தாலன்றி உண்மை விளங்காது. மனித உடம்பின் நரம்பிழையுள் தடித்தது மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. அதனுள் கருவியைச் செலுத்துதல் அக்காலத்தில் இயலாத செயல். இவ்விடரைத் தீர்த்தது கணவாய். தமிழகக் கடற்கரையில் ஊசிக் கணவாய் என்று வலைஞர் வழங்கும் உயிருக்கு உறவான இனம் அட்லாண்டிக் கடலில் வாழ்கிறது. பகை கண்டால் அது நீரைப் பீச்சிப் பின்னோக்கிப் பாயும். அதற்கு உடற்சுவர்த் தசைகள் ஒருங்கே சுருங்க வேண்டும். அதற்கெனவே மிகத் தடித்த நரம்பிழைகள் அமைந்துள்ளன. அவற்றின் தடிமன் அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை. குருதிக் குழாய் எனக் கருதத்தக்க அவ்விழைகள் நரம்பே என 1936-இல் எடுத்துக்காட்டியவர் யங் என்னும் ஆங்கில விலங்கியலார். ஹாட்கின் அடுத்த ஆண்டு அமெரிக்கா சென்றபோது கணவாய் நரம்பில் ஆராய்ச்சி நடைபெறுவதைக் கண்டார். தாயகம் மீண்டதும் தம் திட்டத்தை வகுத்தார். அதற்கு ஒரு துணைவர் வேண்டியிருந்தது.

ஆண்ட்ரூ ஹக்ஸ்லி அத்துணைவர். டார்வினின் கொள்கைக்காக வாதிட்ட தாமஸ் ஹக்ஸ்லியின் பேரர். பௌதிகம் பயிலும் எண்ணத்துடன் 1935-இல் டிரினிட்டியில் சேர்ந்து, துணைப்பாடமாக எடுத்த உடலியலில் மனம் தோய்ந்து, அதனையே தம் துறையாக்கிக் கொண்டவர். சிறுவயதில் பெற்றோர் வாங்கித் தந்த கடைசல் பொறியில் உலோகத்தைக் கடைந்து பழகியமையால், வேண்டிய கருவியைத் தாமே செய்துகொள்ளும் கைத்திறன் அவருக்கு இருந்தது. இத்திறன் ஏட்டுப் படிப்புக்கு இளைத்ததன்று. 1939-இல் இறுதியாண்டுப் படிப்பு முடிந்த கோடை விடுமுறையில், இருபத்தொரு வயதினரான ஹக்ஸ்லியைப் பிளிமத் நகரக் கடலுயிர் ஆய்வுக்கூடத்துக்கு ஹாட்கின் அழைத்தார்.

ஹாட்கின் முதலில் அவருக்கு அளித்த வேலை எளியது. கணவாயின் நரம்பிழையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, அதனுள் பாதரசத் துளியை இட்டு, அது விழும் விரைவிலிருந்து உள்ளிருக்கும் நீர்மத்தின் குழகுழப்பை அளக்க வேண்டும். ஹக்ஸ்லி துளியை இட்டார். துளி விழவில்லை, இட்ட இடத்திலேயே நின்றது. நரம்பின் உள்ளே இருந்தது நீர்மம் அன்று. பாகு போல் இறுகிய பொருள். சோதனை பயனற்றதாயிற்று என்று சோர்ந்திருக்கலாம். ஆனால், தொங்கும் நரம்பிழையைக் கண்ட அவ்விருவருக்கும், அதன் மேல்வாயிலிருந்து மெல்லிய மின்முனையை நேராக உள்ளே இறக்கலாமே என்னும் எண்ணம் பிறந்தது. மயிரிழை போன்ற கண்ணாடிக் குழலுள் மின்முனையை அமைத்து, அது பக்கச் சவ்வை உரசிக் கிழிக்காதவாறு சிறு கண்ணாடியின் துணையால் இருபுறமும் பார்த்துப் பார்த்து இறக்கினர்.

நரம்பிழையைச் சூழ்ந்த சவ்வின் உட்புறம், வெளிப்புறத்தை நோக்க எதிர்மின் தன்மை உடையது. துடிப்பு வரும்போது சவ்வு ஓட்டையாகி, உள்ளும் புறமும் சமமாகிவிடும் என்பது 1902 முதல் அறிஞர் ஏற்றிருந்த பெர்ன்ஸ்டைனின் கொள்கை. அவ்வாறாயின் அழுத்த வேறுபாடு சுழியளவுக்கு வந்து நிற்க வேண்டும். பிளிமத்தில் கருவி காட்டியது வேறு. அமைதி நிலையில் உட்புறம் ஏறத்தாழ 50 மில்லிவோல்ட் எதிர்மின் அழுத்தம் உடையதாயிருந்தது. துடிப்பின் உச்சியில் அது சுழியைக் கடந்து, ஏறத்தாழ 40 மில்லிவோல்ட் நேர்மின் பக்கம் சென்றது. சமனாவதோடு நில்லாமல் தலைகீழாக மாறியது! நாற்பதாண்டுக் கொள்கை, மீன் பிடிக்கும் துறைமுக நகரின் சிறு அறையில் ஆட்டங்கண்டது.

காரணம் யாது என அவர்கள் ஆராயுமுன்னர்ப் போர் வந்தது. செப்டம்பர் 3-ஆம் நாள் பிரிட்டன் செருமனியின்மீது போர் அறிவித்தது. 1939 அக்டோபர் 21-ஆம் நாள் ‘நேச்சர்’ இதழில் வெளியான அவர்தம் சிறு கட்டுரையில், அளந்த அளவு இருந்தது, விளக்கம் இல்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுத அவர்கள் முற்படவில்லை. ஹக்ஸ்லி மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். இலண்டன் மீது குண்டுகள் வீழ அதுவும் நின்றது. ஹாட்கின் விமானங்களுக்கான ரேடார்க் கருவிப் பணியிலும், ஹக்ஸ்லி பீரங்கி இலக்குக் கணிப்பிலும் ஈடுபட்டனர். 1945-இல் விரிவான கட்டுரை எழுதி நான்கு விளக்கங்களை முன்வைத்தனர். உண்மை விளக்கம் அந்நான்கனுள் ஒன்றாக அமையவில்லை.

போருக்குப் பின் இருவரும் டிரினிட்டியில் மீண்டும் கூடினர். கடல்நீரில் சோடிய உப்பைக் குறைத்தால் துடிப்பின் உயரமும் குறைவதை ஹாட்கினும் காட்ஸ் என்பாரும் கண்டனர். வழி புலப்பட்டது. சவ்வை ஏரிக்கரை எனக் கொள்வோமாயின், அதில் இருவகை மதகுகள் உள. தூண்டல் வந்தவுடன் ஒருவகை மதகு திறந்து வெளியிலுள்ள சோடியம் உள்ளே பாய்கிறது, உட்புறம் நேர்மின்னாகிறது. உடனே அம்மதகு அடைபட, மற்றை மதகு திறந்து பொட்டாசியம் வெளியேறுகிறது. பழைய நிலை மீள்கிறது. இவ்வளவும் ஓரிரு மில்லிநொடியில் நிகழ்ந்து, அடுத்த இடத்து மதகைத் திறக்கச் செய்கிறது. மாணவப் பருவத்தில் ஹாட்கின் கண்ட வெடித்திரியின் வெப்பம் இதுவே.

இம்மதகுகளின் செயலை அவர்கள் கணிதச் சமன்பாடுகளாக வடித்தனர். அச்சமன்பாடுகள் மெய்யாயின், அவற்றைக்கொண்டே துடிப்பின் விரைவைக் கணக்கிட இயலவேண்டும். பல்கலைக்கழகத்தின் கணிப்பொறி அக்காலத்தில் ஆறு மாதம் இயங்காதிருந்தது. ஹக்ஸ்லி காத்திருக்கவில்லை, கையாற் சுழற்றும் கணக்குப் பொறியின்முன் அமர்ந்து, சில கிழமைகள் சுழற்றிச் சுழற்றி விடை கண்டார். கணக்கு நொடிக்கு 18.8 மீட்டர் எனக் காட்டியது. கணவாய் நரம்பில் அளந்த விரைவு 21.2 மீட்டர். உயிருள்ள பொருளின் செயலைக் காகிதத்தில் இவ்வளவு நெருங்கிக் கணித்தமை அறிஞரை வியப்பில் ஆழ்த்தியது. 1952-இல் கட்டுரைகள் வெளிவந்தன. 1963-இல் இருவரும், எக்கில்ஸ் என்பாருடன், நோபெல் பரிசு பெற்றனர். பல் பிடுங்குமுன் மருத்துவர் ஈறில் இடும் மரப்பூசியின் மருந்து, சோடிய மதகுகளை அடைத்துத் துடிப்பைத் தடுப்பது என இன்று விளங்குவது இவர்தம் ஆராய்ச்சியின் வழியேதான்.

இவ்வரலாற்றுக்குச் சென்னையிலும் ஒரு தொடர்ச்சி உண்டு. கை இழந்தோர் இல்லாத கையில் உணரும் நோவை, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியின் துணையால் தணிக்க வழி கண்டவர் எனப் புகழ்பெற்ற வி. எஸ். இராமச்சந்திரன், ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் மாணவர். இரு கண்களும் கண்ட இரு காட்சிகளை மூளை எங்ஙனம் ஒன்றாக்கி ஆழத்தை உணர்கிறது என்பதில் அவர் மனம் சென்றது. இப்பொருள் பற்றி வேறிருவருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, மருத்துவப் படிப்பு முடியுமுன்னரே, 1973-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. ஹாட்கினும் ஹக்ஸ்லியும் 1939-இல் எழுதிய அதே இதழ் அது. இத்தகைய ஆராய்ச்சிக்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. பார்க்கும் கண்ணும், வரைந்த சில படங்களும், விடாத வினாவும் போதும். மருத்துவப் பட்டத்துக்குப் பின் அவர் மேற்படிப்புக்குச் சென்ற இடம் டிரினிட்டிக் கல்லூரி. ஆங்கு அவர் முனைவர் பட்டம் பெற்ற 1978-ஆம் ஆண்டில்தான் ஹாட்கின் அக்கல்லூரியின் தலைவரானார். ஆறாண்டுகள் கழித்து அப்பொறுப்பு ஹக்ஸ்லியிடம் வந்தது.