பிக்கப் வண்டிக்குப் பெரிய டயர்: வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

வெளி மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில் பிக்கப் வண்டி வைத்திருப்போர் இப்போது கணிசமாக உள்ளனர். ஐந்து பேர் அமர இரட்டைக் கேபின், பின்னால் சாமான்களுக்குத் திறந்த தட்டு. வாரநாளில் தொழிலுக்கு, விடுமுறையில் மணாலிக்கோ ஜெய்சல்மேருக்கோ ஸ்பிட்டிக்கோ செல்ல வசதியான வண்டி. 2016 முதல் இசுசு வி-கிராஸும், 2022 முதல் டொயோட்டா ஹைலக்ஸும் இந்தியாவில் விற்பனைக்கு வந்த பிறகு இந்த மோகம் கூடியிருக்கிறது. வண்டி வாங்கிய சில மாதங்களில் அநேகமாக எல்லோருக்கும் ஓர் எண்ணம் வருகிறது: கம்பெனி போட்டுக் கொடுத்த டயரைக் கழற்றிவிட்டு, தடித்த பட்டன் உள்ள பெரிய ஏ.டி. டயராகப் போட்டால் என்ன?

போடலாம். ஆனால் சஸ்பென்ஷனை உயர்த்தாமல், மட்கார்டை வெட்டாமல், வண்டியைப் பிறந்த மேனியாகவே வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய டயர் போடலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிப்பதைவிடக் கணக்குப் போட்டுத் தீர்மானிப்பது நல்லது. மலைச்சரிவில் வண்டியை நிறுத்துவது டயர்தான்; அதில் நம் குழந்தைகள் அமர்ந்திருக்கிறார்கள்.

1. டயரில் எழுதியிருப்பதைப் படிக்கும் முறை

டயரின் பக்கச்சுவரில் 245/70 ஆர்16 111எஸ் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 245 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம்; ஆனால் மில்லிமீட்டரில் அல்ல, அகலத்தில் 70 சதவீதம் என்று பொருள். ஆர் என்றால் ரேடியல். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 111 என்பது சுமைக் குறியீடு. ஒரு டயர் தாங்கக்கூடிய அதிகபட்ச எடை 1,090 கிலோ என்பதைக் குறிக்கும். எஸ் என்பது வேகக் குறியீடு. மணிக்கு 180 கி.மீ. வரை என்று பொருள்.

இனி விட்டத்தைக் கணக்கிடலாம். 245-இல் 70 சதவீதம் 171.5 மி.மீ. ரிம்முக்கு மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர், ஆக 343 மி.மீ. 16 அங்குல ரிம் என்பது 406.4 மி.மீ. இரண்டையும் கூட்டினால் 749.4 மி.மீ. இதுதான் டயரின் முழு விட்டம். எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும் கணக்கு. வீட்டில் ஒரு பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள்.

2. மூன்று மாற்று அளவுகள்

அதே 16 அங்குல ரிம்முக்குக் கடைக்காரர் காட்டக்கூடிய மூன்று அளவுகளை ஒப்பிடுவோம்.

(அ) 255/70 ஆர்16: விட்டம் 763.4 மி.மீ. பழையதைவிட 1.9 சதவீதம் அதிகம்.

(ஆ) 265/70 ஆர்16: விட்டம் 777.4 மி.மீ. 3.7 சதவீதம் அதிகம்.

(இ) 265/75 ஆர்16: விட்டம் 803.9 மி.மீ. 7.3 சதவீதம் அதிகம்.

மாற்றம் செய்யாத வண்டிக்கு 3 சதவீதத்துக்குள் நிற்பது நல்லது என்பது பட்டறைகளில் வழங்கும் பொது விதி. அதன்படி முதல் அளவு தயக்கமின்றி ஏற்கத்தக்கது. இரண்டாவது, எல்லையைச் சற்றுத் தாண்டியது. வண்டியில் மாட்டிச் சோதித்த பிறகே முடிவு செய்ய வேண்டும். மூன்றாவது, சஸ்பென்ஷனில் கை வைக்காத வண்டிக்கு வேண்டாம்.

அகலத்தையும் மறக்கக் கூடாது. டயர் 20 மி.மீ. அகலமானால் உள்பக்கம் 10, வெளிப்பக்கம் 10 மி.மீ. நீட்டிக்கொள்ளும். ரிம்மும் அதற்குத் தக்க அகலமாக இருக்க வேண்டும். 265/70 அளவுக்குக் குறைந்தது 7 அங்குல அகல ரிம் தேவை. உங்கள் ரிம்மின் அகலம் பெரும்பாலும் அதன்மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

3. கிடைப்பது எவ்வளவு, கொடுப்பது எவ்வளவு?

பெரிய டயர் போட்டால் வண்டி உயரும் என்பது உண்மை. ஆனால் விட்டம் கூடிய அளவில் பாதிதான் உயரும். மீதிப் பாதி அச்சுக்கு மேலே போய்விடுகிறது. 265/70 போட்டால் தரையிடைவெளி 14 மி.மீ. கூடும்; அதாவது ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. பாறை நிறைந்த பாதையில் டிஃபரன்ஷியலின் அடிவயிற்றைக் காக்க அது ஓரளவு உதவும். ஆனால் அந்த 14 மி.மீட்டருக்கு நாம் கொடுக்கும் விலை பின்வருமாறு:

வேகமானி: மீட்டர் 100 காட்டும்போது வண்டி முன்பு போனதைவிட 3.7 சதவீதம் கூடுதல் வேகத்தில் போகும். வேகமானி உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது விதியாதலால் கம்பெனிகள் அதைச் சற்றுக் கூட்டிக் காட்டும்படி அமைக்கின்றன. அந்தப் பாதுகாப்பு இடைவெளியை நாம் இங்கே தின்றுவிடுகிறோம். வேகக் கேமரா உள்ள நெடுஞ்சாலையில் இதை நினைவில் வைப்பது நல்லது.

இழுவை: எஞ்சின் அதேதான், கியரும் அதேதான். சக்கரம் பெரிதானதால் தரையில் கிடைக்கும் இழுவிசை 265/70-இல் 3.6 சதவீதமும், 265/75-இல் 6.8 சதவீதமும் குறைகிறது. சமதளத்தில் இது தெரியாது. சுமையோடு ஏற்றத்தில் செல்லும்போது, முன்பு மூன்றாவது கியரில் ஏறிய இடத்தில் இரண்டாவது கேட்கும்.

பிரேக்: பலர் எண்ணிப் பார்க்காத செய்தி இது. பிரேக் டிஸ்க் பழைய அளவிலேயே இருக்கிறது, அது நிறுத்த வேண்டிய சக்கரமோ பெரிதாகவும் கனமாகவும் ஆகிவிட்டது. அதே வேகத்தில் குறைய, பெடலை முன்னைவிட அழுத்த வேண்டும். கீழிறங்கும்போது கியர் கொடுக்கும் தடையும் அதே விகிதத்தில் குறைகிறது. கணவாயிலிருந்து மணிக்கணக்கில் இறங்கும் சாலையில் பிரேக் சூடேறித் தளர்ந்துபோகும் அபாயம் உண்டு. ஆகவே பெரிய டயர் போட்டவர்கள் இறக்கத்தில் முன்பு பிடித்த கியரைவிட ஒரு கியர் குறைத்தே இறங்கப் பழக வேண்டும்.

எரிபொருள்: கனமும் உருளும் தடையும் கூடுவதால் டீசல் செலவு சற்று ஏறும். ஆனால் "மைலேஜ் விழுந்துவிட்டது" என்று கூறுமுன் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டர் இப்போது குறைத்துக் கணக்கிடுகிறது. அது 500 கி.மீ. காட்டினால், பழைய டயரின் கணக்கில் நீங்கள் ஓடியது ஏறத்தாழ 519 கி.மீ. 50 லிட்டர் செலவாகியிருந்தால் மைலேஜ் 10 அல்ல, 10.4. இந்தத் திருத்தத்துக்குப் பிறகும் குறைவு தெரிந்தால் அதுவே உண்மையான இழப்பு.

4. ஏ.டி. என்றால் என்ன?

நெடுஞ்சாலைக்கான எச்.டி., எல்லா நிலத்துக்குமான ஏ.டி., சேற்றுக்கான எம்.டி. என மூன்று வகைகள் உள்ளன. ஏ.டி. டயரில் பட்டன்கள் தடித்தும் இடைவெளி விட்டும் இருக்கும். சரளையிலும் ஈரமண்ணிலும் பிடிப்புக் கிடைக்கும். கல் குத்துவதையும் ஓரளவு தாங்கும். பதிலுக்குத் தார்ச்சாலையில் இரைச்சல் கூடும். மழையில் நிற்கும் தூரம் நல்ல எச்.டி. டயரைவிட அதிகமாகலாம். ஆண்டில் 300 நாள் நகரத்தில் ஓடும் வண்டிக்கு எம்.டி. டயர் வீண் செலவு.

பனிப் பிரதேசத்துக்குப் போகிறவர்கள் பக்கச்சுவரில் மூன்று சிகர மலையும் நடுவே பனித்துளியும் கொண்ட முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பனியில் சோதித்துத் தேறிய டயர் என்பதற்கு அது அடையாளம். எம்+எஸ் என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் அந்தச் சோதனை நடந்ததாகப் பொருளில்லை. கண்ணாடிபோல் உறைந்த பனிக்கட்டியில் எந்த ஏ.டி. டயரும் போதாது, சங்கிலி வேண்டும்.

ஒரு முக்கியக் குறிப்பு: ஏ.டி. டயர் வேண்டும் என்றால் பெரிய டயராக இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய அளவிலேயே ஏ.டி. வகை கிடைக்குமானால், மேலே கூறிய குறைகளில் பாதிக்கு மேல் இல்லாமலே பிடிப்பு கிடைத்துவிடும். தரையிடைவெளி உண்மையிலேயே போதாமல் அடிக்கடி அடிபடுகிறவர்களுக்குத்தான் அளவை உயர்த்தும் அவசியம்.

5. சுமைக் குறியீடும் காற்றும்

புதிய டயரின் சுமைக் குறியீடு பழையதைவிடக் குறையவே கூடாது. 111 என்றால் 1,090 கிலோ. 112 என்றால் 1,120. 116 என்றால் 1,250. வேகக் குறியீடும் கம்பெனி கேட்டதற்குக் கீழே போகாமலிருப்பது உத்தமம். சில ஏ.டி. டயர்கள் எல்.டி. என்ற இலகு சரக்கு வாகன வகையில் வரும். அவற்றின் சுவர் தடிமனாக இருக்கும், கனமும் கூடுதல். அதே சுமையைத் தாங்க அவற்றுக்குக் கூடுதல் காற்று தேவை. கதவோரச் சீட்டில் எழுதியிருக்கும் காற்றழுத்தம் பழைய டயருக்கானது, எல்.டி. டயருக்கு அதை அப்படியே பின்பற்றக் கூடாது. டயர் கம்பெனியின் சுமை-அழுத்த அட்டவணையைக் கடையில் கேட்டு வாங்குங்கள்.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு பாடம். சமவெளியில் 40 டிகிரி வெயிலில் 36 பவுண்டு காற்று அடித்துக்கொண்டு 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேவுக்குப் போகிறீர்கள். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜில் சுமார் 5 பவுண்டு கூட வேண்டும். ஆனால் காலைக் குளிர் 10 டிகிரி என்றால் டயருக்குள் காற்று சுருங்கி ஏறத்தாழ அதே 5 பவுண்டு குறையும். இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துவிடுகின்றன. எனவே "மேலே போனால் காற்றை இறக்க வேண்டும்" என்று கேட்டதை வைத்து இறக்காதீர்கள். காலையில் வண்டியை எடுக்குமுன் கேஜ் வைத்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

6. சட்டமும் காப்பீடும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. எனவே முதலில் பார்க்க வேண்டியது வண்டியின் கையேடு. அதே மாடலின் வேறு வகைகளுக்குக் கம்பெனியே வேறு அளவு கொடுத்திருந்தால், அந்தப் பட்டியலுக்குள் தேர்ந்தெடுப்பது மிகவும் பத்திரம். பட்டியலுக்கு வெளியே போவதானால் வாரண்டி, காப்பீடு இரண்டையும் பற்றி எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்பதில் பயனில்லை.

7. கடையில் செய்ய வேண்டியவை

• ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். உற்பத்தித் தேதி நான்கு இலக்கத்தில் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம்.

• முதலில் முன்சக்கரங்கள் இரண்டில் மட்டும் மாட்டச் சொல்லுங்கள். ஸ்டியரிங்கை இருபுறமும் முழுவதும் ஒடித்து, முன்னும் பின்னும் நகர்த்துங்கள். பிறகு ஒரு சக்கரத்தைக் கல்மேல் ஏற்றி மீண்டும் ஒடித்துப் பாருங்கள். டயரின் ஓரத்தில் சாக்பீஸ் பூசி வைத்தால் எங்கே உரசுகிறது என்று தெரிந்துவிடும். உரசினால் அந்த அளவு உங்கள் வண்டிக்கு இல்லை. "போகப் போகச் சரியாகிவிடும்" என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள்.

• பின்பக்கத்தை ஆட்களையும் சுமையையும் ஏற்றிச் சோதியுங்கள். காலி வண்டியில் உரசாதது சுமையில் உரசும்.

• நான்கல்ல, ஐந்து டயர் வாங்குங்கள். ஸ்டெப்னி சிறியதாக இருந்து அதை மாட்டிக்கொண்டு நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டினால், சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழன்று கியர் பகுதிகள் சேதமாகும். புதிய ஸ்டெப்னி தட்டுக்கு அடியிலுள்ள இடத்தில் அடங்குகிறதா என்றும் பாருங்கள்.

• வீல் அலைன்மென்ட், பாலன்ஸிங் முடித்து, 100 கி.மீ. ஓடியபின் சக்கர நட்டுகளை மீண்டும் முடுக்குங்கள்.

• பட்டன் ஆழம் 1.6 மி.மீட்டருக்குக் கீழே தேய்ந்த டயரை ஓட்டுவது சட்டப்படி குற்றம். மலைக்குப் போகிறவர்கள் அதற்கு வெகு முன்பே மாற்றிவிட வேண்டும்.

பயிற்சி

பொலேரோ வண்டியின் 215/75 ஆர்15 டயருக்குப் பதில் 235/75 ஆர்15 போட்டால் விட்டம், தரையிடைவெளி, வேகமானி எப்படி மாறும்? (15 அங்குலம் 381 மி.மீ.)

விடை: விட்டம் 703.5-இலிருந்து 733.5 மி.மீ. ஆகும். தரையிடைவெளி 15 மி.மீ. கூடும். வேகமானி 80 காட்டும்போது பழைய டயரின் கணக்கில் வேகம் 83.4 கி.மீ. உயர்வு 4.3 சதவீதம்; ஆகவே மாற்றம் செய்யாத வண்டிக்கு இது எல்லை தாண்டிய அளவு.

விடையைச் சரியாகப் போட்ட பிள்ளையையே டயர் கடைக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். கடைக்காரர் புதிதாக ஏதேனும் ஓர் அளவைச் சொன்னால், அங்கேயே ஒரு தாளில் விட்டத்தைக் கணக்கிட்டுப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.