உடலின் திசைகள்

மேற்கு, கிழக்கு என்னும் திசைப்பெயர்கள் மேல், கீழ் என்னும் சொற்களினின்று தோன்றியவை என்பர் அறிஞர். மேற்றிசையில் மலை ஓங்கி நிற்கக் கீழ்த்திசையில் நிலம் கடல்நோக்கித் தாழ்ந்திருத்தலின், தமிழர் நிலத்தைக் கொண்டே திசைக்குப் பெயரிட்டனர். ஆனால், உயிருள்ள உடலின் பகுதிகளைக் குறிப்பதற்கு நிலம் துணை செய்யாது. ஏன் எனிற் கூறுதும்.

நீலகிரி மாவட்டத்தில், கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் சாலையில் அரவேணு என்னும் ஊர் உள்ளது. அது மலைச்சரிவுகளில் தேயிலை செழித்து வளரும் ஊர். அச்சரிவில் ஒரு பசு கீழ்நோக்கி நின்றால் அதன் வால் மேலும் தலை கீழுமாக இருக்கும். மேல்நோக்கித் திரும்பினால் இந்நிலை மாறிவிடும். ஆதலின், புண் மேலே உள்ளது என்று சொன்னால் கால்நடை மருத்துவர்க்கு இடம் விளங்காது. உடலின் திசைக்கு உடலே அளவுகோல் ஆதல் வேண்டும்.

இதனால் விலங்கின் உடலில் தலைப்புறம், வாற்புறம், முதுகுப்புறம், வயிற்றுப்புறம் என நான்கு புறங்கள் வகுக்கப்பட்டுள்ளன. விலங்கு எவ்வாறு நின்றாலும் கிடந்தாலும் இவை மாறா. நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்கு வயிற்றுப்புறம் முன்னாகும். நான்கு காலால் நிற்கும் பசுவிற்கோ அது கீழாகும்.

மனித உடலை விளக்குவோர் அதற்கு ஒரு நிலையை வரையறுத்துள்ளனர். முகம் முன்னோக்க, கைகள் பக்கங்களில் தொங்க, உள்ளங்கைகள் முன்னே தெரிய நிமிர்ந்து நிற்பதே அந்நிலை. அப்பொழுது கட்டைவிரல் உடலின் நடுக்கோட்டிற்கு வெளிப்புறமாகவும், சுண்டுவிரல் உட்புறமாகவும் அமையும். உள்ளங்கையைப் பின்னே திருப்பினால் இம்முறை தலைகீழாகும். எனவேதான் கையின் நிலையையும் வரையறுத்தனர்.

கைகால்களில் உடலோடு பொருந்தும் இடத்திற்கு அருகிலுள்ளது அண்மை; அகன்றுள்ளது சேய்மை. முழங்கை தோளினின்று சேய்மையது. மணிக்கட்டை நோக்க அண்மையது.

வலமும் இடமும் காண்பவர்க்கு உரியன அல்ல. காணப்படும் உடலுக்கே உரியன. எதிரே நிற்பவரின் இடக்கை நம் வலக்கைக்கு நேரே இருக்கும். இதனை மறந்தால் பெருந்தீங்கு விளையும். பசுவின் இரைப்பை அறைகளுள் மிகப் பெரிதான முதல் அறை இடப்புறத்தில் உள்ளது. வயிறு உப்பி மூச்சுத் திணறும் பசுவைக் காக்க, நெருக்கடியில் மருத்துவர் இடவிலாவின் பின்னுள்ள பள்ளத்திலேயே துளையிட்டுக் காற்றை வெளியேற்றுவர். பசுவின் முகத்தை நோக்கி நிற்பவர் தம் இடப்புறத்தையே அதன் இடப்புறம் எனக் கருதினால் அவ்வுயிர் என்னாகும்?

மனிதர்க்கும் இவ்விடர் உண்டு. பழுதுற்ற சிறுநீரகம் ஒரு புறமிருக்க, நல்ல சிறுநீரகத்தை அகற்றிவிடுதல் மீட்க இயலாத பிழையன்றோ? இத்தகைய பிழைகளைத் தவிர்க்கவே, 2008இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில், அறுவை செய்யும் இடம் குறியிடப்பட்டுள்ளதா என்னும் வினா இடம்பெற்றது.

19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார், மேலைநாட்டு உடற்கூற்று நூல்களைத் தமிழில் தந்தார். கற்போர் தம் மொழியில் உடலைத் தெளிவுற உணர வேண்டும் என்பதே அம்முயற்சியின் பயன். சொல்லில் தெளிவு புலமைக்கு அழகு. மருத்துவத்திலோ அஃது உயிர்க்குக் காவல்.