உண்ணியும் காட்டுக் காய்ச்சலும்

கர்நாடக மாநிலத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் உள்ளது கியாசனூர்க் காடு. 1957ஆம் ஆண்டில் அக்காட்டில் குரங்குகள் மடிந்து வீழ்ந்தன. அதே காலத்தில், விறகு வெட்டவும் தழை பறிக்கவும் காட்டிற்குச் சென்று மீண்ட சிற்றூர் மக்களைக் கடுங்காய்ச்சல் பற்றியது. சிலர் உயிர் துறந்தனர். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் காணப்படும் மஞ்சட் காய்ச்சல் நம் நாட்டிலும் புகுந்துவிட்டதோ என அறிஞர் ஐயுற்றனர். புனே நகரின் நச்சுயிரி ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்து, இஃது அதுவரை உலகம் அறியாத புதிய நோய் எனக் கண்டனர். நோயைப் பரப்பியது கொசு அன்று, உண்ணி.

உண்ணி பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று; சிலந்திக்கும் தேளுக்கும் உறவுடையது. முட்டையினின்று வெளிவரும் குஞ்சிற்கு ஆறு கால்களே உண்டு. அது குருதி குடித்துத் தோலுரித்து, எட்டுக்கால் இளவுண்ணியாகும். மீண்டும் குருதி குடித்து முதிர்ந்த உண்ணியாகும். உண்ணி பறப்பதில்லை, தாவுவதும் இல்லை. புல்லின் நுனியில் ஏறி, முன்னங்கால்களை நீட்டிக் காத்திருக்கும். அக்கால்களிலுள்ள புலனுறுப்பால், நெருங்கும் உயிரின் மூச்சையும் வெப்பத்தையும் உணரும். அவ்வுயிர் உராய்ந்து செல்லும்போது பற்றிக்கொள்ளும். கடி பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆதலின் கடியுண்டவர் அதனை அறியார்.

நோயுற்ற குரங்கு இறந்ததும் அதன் உடலிலுள்ள உண்ணிகள் இறங்கிச் சுற்றிலும் பரவுகின்றன. அவ்வழியே செல்வோரை மிகச் சிறிய இளவுண்ணிகள் கடிக்கின்றன. மழைக்காலம் கழிந்து கோடை முடியும்வரை இவை மிகுந்திருக்கும். மக்கள் காட்டிற்குள் மிகுதியாகச் செல்வதும் அக்காலத்திலேயே. ஆயினும் இந்நோய் ஒரு மனிதரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதில்லை. ஆகவே, உண்ணிக்கடியைத் தவிர்ப்பதே முதற் காவலாகும்.

காட்டிற்குச் செல்வோர் உடல் முழுவதையும் மறைக்கும் ஆடை அணிதல் வேண்டும். காற்சட்டையின் விளிம்பைக் காலுறைக்குள் செருகுதல் நன்று. வெளிர்நிற ஆடையில் உண்ணி எளிதில் புலப்படும். உண்ணியை அண்டவிடாத தைலத்தைப் பூசிக்கொள்ளலாம். புதரை ஒட்டி நடவாமல் பாதையின் நடுவே நடத்தல் வேண்டும். வீடு திரும்பியதும் குளித்து, அக்குள், முழங்காலின் பின்புறம், செவியின் பின்புறம் ஆகிய இடங்களைச் சோதித்தல் வேண்டும். உடுத்த ஆடைகளை வெந்நீரில் துவைத்தல் நலம்.

உடலில் உண்ணி பற்றியிருந்தால் அதன்மேல் எண்ணெய் ஊற்றுதலும் நெருப்பால் சுடுதலும் தவறு. கூரிய முனையுடைய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், திருகாமல், நேராக மெல்ல இழுத்து எடுத்தல் வேண்டும். பின்பு அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். அதன்பின் காய்ச்சல் கண்டால், காட்டிற்குச் சென்றதையும் மருத்துவரிடம் மறவாது கூறுதல் வேண்டும்.

காட்டில் குரங்கு இறந்து கிடந்தால் அதனைத் தொடாமல் உடனே அதிகாரிகளுக்கு அறிவித்தல் கடமையாகும். அவ்வொரு செய்தி ஓர் ஊரையே காக்கக்கூடும். காட்டை நம்பி வாழ்வோர் காட்டை விட்டு விலக இயலாது. அவர்கள் அச்சமின்றிச் சென்று நலமே திரும்புவதற்கு இவ்வறிவே துணையாகும்.